சிறு இன நாய்க்குட்டிக்கு எதை, எவ்வளவு, எத்தனை முறை ஊட்டுவது: குமரி மேற்கு எல்லைப் பகுதியினருக்கான முழுமையான வழிகாட்டி

மார்த்தாண்டம், குழித்துறை, களியக்காவிளை தொடங்கி எல்லை தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரை வரையிலுள்ள வீடுகளில் பொமரேனியன், ஸ்பிட்ஸ், ஷிட்சு, பக், டாக்ஸ்ஹண்ட் போன்ற சிறு இன நாய்கள் இன்று சர்வசாதாரணமாகிவிட்டன. குட்டியைத் தேர்ந்தெடுப்பதில் காட்டும் அக்கறையை அதன் தட்டில் வைப்பதிலும் பலர் காட்டத்தான் செய்கிறார்கள். ஆனால் அந்த அக்கறை பெரும்பாலும் பாலும் சோறுமாகவே போய்ச் சேர்கிறது. உள்ளங்கையில் அடங்கும் உயிருக்குத் தீனியும் கொஞ்சம் போதும் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. உண்மை நேர்மாறானது. 5 கிலோ எடையுள்ள வளர்ந்த நாய்க்கு ஒரு கிலோ உடல் எடைக்கு நாளொன்றுக்கு ஏறத்தாழ 75 கிலோகலோரி போதும் என்றால், இரண்டு மாதக் குட்டிக்கு அதே ஒரு கிலோவுக்கு 200 கிலோகலோரி வரை தேவைப்படுகிறது. அந்தத் தேவை முழுவதையும் மிகச் சிறிய இரைப்பை ஒன்றின் வழியாகவே நிறைவேற்றியாக வேண்டும். இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் இந்த ஒரே சிக்கலைத் தீர்ப்பதற்கானதுதான்.

முதல் படி: குட்டியை வாங்குமுன் கேட்க வேண்டியவை

எட்டு வாரம் நிறையாத குட்டியை வாங்க வேண்டாம். தாய்ப்பாலோடு திட உணவு பழகுவது மூன்று, நான்கு வார வயதில் தொடங்கி, ஏழு எட்டு வாரத்தில்தான் முழுமை பெறுகிறது. அதற்கு முன் பிரித்துக் கொண்டுவரப்படும் குட்டி சாப்பிடத் தெரியாமலும் நோய் எதிர்ப்பு ஆற்றல் குறைந்தும் வந்து சேரும். இப்போது என்ன உணவு, எந்த நிறுவனத்தின் உணவு, ஒரு நாளைக்கு எத்தனை முறை, கடைசியாக எப்போது குடற்புழு மருந்து கொடுத்தீர்கள் என்று விற்பவரிடம் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். அதே உணவில் ஒரு வாரத்துக்கு ஆகும் அளவை அவரிடமே வாங்கி வருவது நல்லது. இடம் மாறிய அதிர்ச்சியோடு உணவும் மாறினால் குட்டிக்கு வயிறு கெடாமல் இருப்பது அரிது.

திருவனந்தபுரத்திலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ கொண்டுவரும்போது, புறப்படுவதற்கு ஒரு மணி நேரம் முன்பு சிறிதளவு மட்டும் ஊட்டச் சொல்லுங்கள். நெடுஞ்சாலை நெரிசலில் பயணம் நீளக்கூடும் என்பதால் ஒரு சிறு புட்டியில் தேனோ குளுக்கோஸோ கையில் இருக்கட்டும். அதன் காரணத்தைப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

இரண்டாம் படி: எடை போடுதல்

அடுக்களையில் மாவு நிறுக்கும் மின்னணுத் தராசு ஒன்று கட்டாயம் வேண்டும். அதன்மேல் ஒரு பிளாஸ்டிக் கிண்ணத்தை வைத்து, எண்ணைச் சுழியமாக்கிவிட்டு, குட்டியை உள்ளே வைத்து எடை பாருங்கள். வாரத்தில் ஒரே நாளில், காலையில், உணவுக்கு முன்பு பார்க்கும் எடைதான் ஒப்பிட உதவும். அதை நாட்காட்டியிலேயே குறித்து வையுங்கள். நான்கு மாதம் ஆகும்வரை ஒவ்வொரு வாரமும் எடை கூடியாக வேண்டும். ஒரு வாரம் எடை நின்றுவிட்டாலோ குறைந்துவிட்டாலோ அதை மருத்துவரிடம் சொல்ல வேண்டும். மயிர் அடர்ந்த ஸ்பிட்ஸ், பொமரேனியன் குட்டிகள் மெலிவதைக் கண்ணால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

மூன்றாம் படி: ஒரு நாளின் தேவையைக் கணக்கிடுதல்

கால்நடை மருத்துவர்கள் பயன்படுத்தும் கணக்கு ஒன்று உண்டு. கிலோவில் உள்ள எடையை 0.75 அடுக்குக்கு உயர்த்தி 70 ஆல் பெருக்கினால், உடல் ஓய்வில் இருக்கும்போது ஒரு நாளைக்குத் தேவைப்படும் கிலோகலோரி கிடைக்கும். நான்கு மாதம் வரை இதன் மூன்று மடங்கும், அதற்கு மேல் வளர்ச்சி முடியும்வரை இரண்டு மடங்கும் தேவை. அடுக்கு என்றதும் மலைக்க வேண்டாம். கடைக்காரர் வைத்திருக்கும் சாதாரணக் கால்குலேட்டரே போதும்: எடையை மூன்று முறை எழுதிப் பெருக்கிவிட்டு, வர்க்கமூலப் பொத்தானை இரண்டு முறை அழுத்தினால் அந்த எண் வந்துவிடும்.

1.2 கிலோ எடையுள்ள இரண்டு மாத ஸ்பிட்ஸ் குட்டியை எடுத்துக்கொள்வோம். 1.2 × 1.2 × 1.2 = 1.728. பொத்தானை ஒரு முறை அழுத்தினால் 1.31, மறுமுறை அழுத்தினால் 1.146. அதை 70 ஆல் பெருக்க 80. மூன்று மடங்கு 240 கிலோகலோரி. இதுவே அந்தக் குட்டியின் ஒரு நாள் தேவை. அதே குட்டி நான்கு மாதம் கடந்து 2 கிலோ ஆகும்போது, ஓய்வுத் தேவை 118, இரண்டு மடங்கு 236. எடை ஒன்றரை மடங்குக்கும் மேல் கூடிய பிறகும் உணவின் அளவு மாறவில்லை என்பதைக் கவனியுங்கள். நான்கு, ஐந்து மாதக் குட்டி திடீரென்று தட்டில் மிச்சம் வைக்கத் தொடங்குகிறது என்று கவலைப்படுவோருக்கு விடை பெரும்பாலும் இந்தக் கணக்கிலேயே இருக்கிறது.

இந்த எண் ஒரு தொடக்கப் புள்ளிதான். ஓடியாடும் குட்டிக்குச் சற்றுக் கூடுதலாகவும், மடியிலேயே கிடக்கும் பக் குட்டிக்குச் சற்றுக் குறைவாகவும் தேவைப்படும். இறுதித் தீர்ப்பு உடம்பைத் தொட்டுப் பார்ப்பதில் இருக்கிறது. அதையும் பின்னால் பார்ப்போம்.

நான்காம் படி: பொட்டலத்தைப் படித்துக் கிராமாக மாற்றுதல்

கடையில் வாங்கும் உலர் உணவில் மூன்றைப் பாருங்கள். ‘பப்பி’ என்று இருக்க வேண்டும். சிறு இனத்துக்கானது என்றால் உருண்டைகள் சிறியவையாக இருக்கும். முழுமையான, சமச்சீரான உணவு என்ற குறிப்பு இருக்க வேண்டும். ‘ஸ்டார்ட்டர்’ என்று விற்பவை பால் மறக்கும் பருவத்துக்கு உரியவை. வளர்ந்த நாய்க்கான உணவு விலை குறைவு என்பதற்காகக் குட்டிக்குப் போடக் கூடாது. ஈரப்பதம் நீக்கிய கணக்கில் குட்டி உணவில் குறைந்தது 22.5 சதவீதம் புரதமும் 8.5 சதவீதம் கொழுப்பும் 1.2 சதவீதம் கால்சியமும் இருக்க வேண்டும் என்பது அமெரிக்கத் தீவன அமைப்பான ஆஃப்கோவின் அளவுகோல்.

கிலோகலோரி அச்சிடப்பட்டிருந்தால் வேலை எளிது. இல்லாவிட்டால் நீங்களே கணக்கிடலாம். புரதம் 28, கொழுப்பு 14, ஈரம் 10, நார் 4, சாம்பல் 8 சதவீதம் என்று போட்டிருப்பதாகக் கொள்வோம். இவற்றைக் கூட்டி 100இல் கழித்தால் மிஞ்சும் 36 மாவுச்சத்து. புரதத்தையும் மாவுச்சத்தையும் 3.5 ஆலும் கொழுப்பை 8.5 ஆலும் பெருக்கிக் கூட்டுங்கள்: 98, 126, 119, ஆக 100 கிராமுக்கு 343 கிலோகலோரி. நம் ஸ்பிட்ஸ் குட்டிக்கு 240 வேண்டும் என்றால் நாளுக்கு 70 கிராம். நான்கு வேளையாகப் பிரித்தால் வேளைக்கு 17, 18 கிராம்.

இதை ஒரு முறை தராசில் நிறுத்துப் பார்த்தால்தான் எவ்வளவு சிறிய அளவு என்பது புரியும். குட்டி உணவைப் பொறுத்தவரை கைப்பிடியும் குவளையும் அளவே அல்ல. வீட்டில் நான்கு பேர் இருந்தால் நான்கு கைப்பிடியும் நான்கு அளவு. காலையிலேயே அன்றைய 70 கிராமையும் நிறுத்து ஒரு டப்பாவில் போட்டுவிட்டு, யார் ஊட்டினாலும் அதிலிருந்தே எடுப்பது என்று வைத்துக்கொள்ளுங்கள். பல்முளைக்கும் குட்டிக்கு உருண்டைகளை வெதுவெதுப்பான நீரில் பத்துப் பதினைந்து நிமிடம் ஊறவைத்துக் கொடுக்கலாம். நிறுப்பது எப்போதும் ஊறுவதற்கு முன்பு. ஊறியதை நம் ஊர்ப் புழுக்கத்தில் அரை மணி நேரத்துக்கு மேல் தட்டில் விட்டுவைக்கக் கூடாது.

ஐந்தாம் படி: எத்தனை முறை, எந்த இடைவெளியில்

மூன்று மாதம் வரை நாளுக்கு நான்கு முறை. மிகச் சிறிய சிவாவா, பொமரேனியன் குட்டிகளுக்கு நான்கு மாதம் வரையும் நான்கோ ஐந்தோ முறை. அதன்பின் ஆறு மாதம் வரை மூன்று முறை; பிறகு இரண்டு முறை. நான்கு முறை என்றால் காலை 6 மணி, பகல் 11 மணி, மாலை 4 மணி, இரவு 10 மணி என்று வைத்துக்கொள்ளலாம். வேலைக்குப் போகும் குடும்பங்கள் பகல் வேளையைத் தவிர்க்க நினைப்பதுண்டு. சிறு இனக் குட்டியிடம் அது நடக்காது. பகலில் வீட்டில் ஆளில்லை என்றால், பக்கத்து வீட்டாரிடம் ஒப்படைக்கும் ஏற்பாட்டை முதலில் செய்துவிட்டுத்தான் குட்டியை வாங்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

இவ்வளவு கண்டிப்புக்குக் காரணம், ரத்தத்தில் சர்க்கரை அளவு சட்டென்று இறங்கிவிடும் நிலை. கல்லீரலில் சேமித்து வைத்த சர்க்கரை குறைவு. தசையும் கொழுப்பும் குறைவு. மூளையின் தேவையோ அதிகம். சில மணி நேரம் பட்டினி கிடந்தாலே இருப்பு தீர்ந்துவிடுகிறது. குளிர், நீண்ட பயணம், குடற்புழு, வயிற்றுப்போக்கு, குழந்தைகளோடு இடைவிடாத விளையாட்டு ஆகியவை இதை விரைவுபடுத்துகின்றன. முதலில் குட்டி சோர்ந்து படுக்கும். எழுந்தால் குடித்தவன்போல் தள்ளாடும். உடம்பு சில்லிட்டு நடுங்கும். பிறகு வலிப்பு வரும், நினைவு தப்பும். தூக்கம் என்று எண்ணி விட்டுவிடுவதால் இறந்துபோகும் குட்டிகள் உண்டு.

அந்த நேரத்தில் செய்ய வேண்டியது: தேனையோ கெட்டியான சர்க்கரைக் கரைசலையோ விரல் நுனியில் தொட்டு, உதட்டைத் தூக்கி, ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் தேய்க்க வேண்டும். வாயில் ஊற்றக் கூடாது. நினைவு தெளியாத குட்டிக்கு அது மூச்சுக்குழலில் இறங்கிவிடும். துணியில் சுற்றிச் சூடு காத்தபடியே மருத்துவரிடம் புறப்படுங்கள். சில நிமிடங்களில் தெளிந்துவிட்டால் உடனே சிறிது உணவு கொடுங்கள். அப்போதும் மருத்துவரைப் பார்ப்பதைத் தள்ளிப்போட வேண்டாம்; சர்க்கரை மீண்டும் இறங்கக்கூடும்.

ஆறாம் படி: சோறும் பாலும் ஏன் போதாது

நம் பக்கத்து வீடுகளில் குட்டிக்கு முதலில் கிடைப்பது சம்பா அரிசிச் சோறும் பசும்பாலும், சற்று வசதி இருந்தால் கோழிக்கறியும். 100 கிராம் அவித்த கோழிக்கறியும் 60 கிராம் சோறும் சேர்ந்தால் ஏறத்தாழ 240 கிலோகலோரி வந்துவிடும், குட்டியும் ஆசையாகத் தின்னும், எடையும் ஏறும். ஆனால் அந்தக் குட்டிக்கு அன்றைக்குத் தேவையான கால்சியம் சுமார் 700 மில்லிகிராம். இந்தத் தட்டில் இருப்பதோ 20 மில்லிகிராம் அளவுக்குத்தான். அதே கறியில் பாஸ்பரஸ் நிறைய இருப்பதால் நிலை இன்னும் மோசமாகிறது. ரத்தத்தில் கால்சியம் குறையாமல் காக்க, உடல் தன் எலும்பையே கரைக்கத் தொடங்குகிறது. குட்டி நொண்டுகிறது, தொட்டால் கத்துகிறது, கால் வளைகிறது, கட்டிலிலிருந்து குதித்தாலே எலும்பு முறிகிறது. விழுந்ததால் முறிந்தது என்று நாம் நினைப்போம். முறிவு பல வாரங்களுக்கு முன்பே தட்டில் தொடங்கியிருக்கும்.

பாலில்தான் கால்சியம் இருக்கிறதே என்று கேட்கலாம். 100 மில்லி பசும்பாலில் ஏறத்தாழ 120 மில்லிகிராம் இருக்கிறது. 700 மில்லிகிராம் கிடைக்க ஏறக்குறைய 600 மில்லி குடிக்க வேண்டும். 1.2 கிலோ குட்டியின் வயிற்றில் அது அடங்காது. அடங்கினாலும் அதன் ஒரு நாள் சக்தித் தேவையைவிட மிக அதிகம். நாயின் பாலில் புரதமும் கொழுப்பும் பசும்பாலைப்போல் ஏறத்தாழ இரு மடங்கு, பால்சர்க்கரையோ குறைவு. பால் மறந்த குட்டிக்கு அந்தச் சர்க்கரையைச் செரிக்கும் திறனும் குறைந்துகொண்டே வருவதால், பால் கொடுத்த மறுநாள் பேதி வருவது வழக்கம். தயிர் ஒரு தேக்கரண்டி தாங்கும். பால் வேண்டாம்.

எதிர்ப்பக்கத்துத் தவறும் இருக்கிறது. முழுமையான குட்டி உணவைப் போட்டுக்கொண்டே, எலும்பு பலமாகட்டும் என்று கால்சியம் டானிக்கையும் சேர்த்து ஊற்றுவது. பொட்டலத்தில் கால்சியமும் பாஸ்பரஸும் சரியான விகிதத்தில் ஏற்கெனவே சேர்க்கப்பட்டிருக்கின்றன. மேலும் ஊற்றினால் விகிதம் கெடும். மருத்துவர் பரிசோதித்து எழுதிக் கொடுக்காதவரை அது தேவையற்றது.

முழுவதும் வீட்டுச் சமையலிலேயே வளர்க்க விரும்புவோர் அரசு கால்நடை மருத்துவமனையிலோ, எல்லைக்கு அப்பால் உள்ள மிருகாசுபத்திரியிலோ, தேவையானால் திருநெல்வேலி கால்நடை மருத்துவக் கல்லூரியிலோ கேட்டு, எடைக்கு ஏற்ற கால்சியம், வைட்டமின், தாதுக்கள் கிராம் கணக்கில் எழுதிய பட்டியலை வாங்கித்தான் தொடங்க வேண்டும். ஒரு தேக்கரண்டி முட்டையோட்டுப் பொடியில் சுமார் 2 கிராம் கால்சியம் உண்டு என்பதால் வீட்டுப் பொருளிலும் வழி இருக்கிறது. ஆனால் அதைக் கண்மதிப்பாகத் தூவுவது, குறைவைப் போக்க மிகுதியை வரவழைத்துக்கொள்வதாகும். கையில் பட்டியல் இல்லாதவரை குட்டி உணவே பிரதானமாக இருக்கட்டும்.

ஏழாம் படி: வீட்டிலிருந்து என்ன சேர்க்கலாம், எதைச் சேர்க்கக் கூடாது

நாளின் கலோரியில் பத்தில் ஒரு பங்கு வரை வீட்டு உணவு சேர்க்கலாம். நம் குட்டிக்கு அது 24 கிலோகலோரி: உப்பு, மசாலா இல்லாமல் அவித்த கோழிக்கறி 15 கிராம், அல்லது அவித்த முட்டையில் மூன்றில் ஒரு பங்கு. சாளை கிடைத்தால், நன்றாக அவித்து முள் ஒன்றுகூட இல்லாமல் விரலால் பிசைந்து பார்த்த பிறகு சிறிது கொடுக்கலாம். பச்சையாக வேண்டாம்; சில பச்சை மீன்களில் வைட்டமின் பி1 சத்தை அழிக்கும் பொருள் இருக்கிறது. மட்டிப் பழத்தில் இரண்டு வில்லை, வேகவைத்த பூசணி ஒரு தேக்கரண்டி இவையெல்லாம் தடையில்லை.

மீன்குழம்புச் சோறு கூடாது. அதில் அரைத்த உள்ளியும் பூண்டும் நாயின் ரத்தச் சிவப்பணுக்களை உடைக்கின்றன; வேகவைத்தாலும் அந்த நச்சு போவதில்லை. கருவாட்டின் உப்பு, ஏத்தங்காய் உப்பேரியின் எண்ணெயும் உப்பும், தேங்காய் எண்ணெயில் பொரித்த எதுவும் குட்டிக்கு ஆகாது. வெந்த கோழி எலும்பு கூரிய துண்டுகளாக உடைந்து குடலைக் குத்தும்.

மரச்சீனிக்கிழங்கைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். பச்சைக் கிழங்கிலும் தோலிலும் இலையிலும் சயனைடு நச்சாக மாறும் பொருள் இருக்கிறது. தோலைச் சீவிக் கொல்லையில் குவித்து வைக்கும் வீடுகளில், எதையும் கடித்துப் பார்க்கும் குட்டி அந்தப் பக்கம் போகாதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். தண்ணீர் வடித்து நன்றாக வெந்த கிழங்கு நஞ்சல்ல. ஆயினும் வெறும் மாவுச்சத்தான அதனால் வயிறு நிறைந்துவிட்டால், சத்துள்ள உணவுக்கு இடமிராது.

பண்டிகை நாட்களில் கூடுதல் கவனம் வேண்டும். ஓணத்துப் பாயசத்திலும் கிறிஸ்துமஸ் பிளம் கேக்கிலும் கிடக்கும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலிழக்கச் செய்யக்கூடியது. எவ்வளவு தின்றால் ஆபத்து என்பது நாய்க்கு நாய் வேறுபடுவதால், ஒரு கிலோ குட்டி ஓரிரண்டு திராட்சையைத் தின்றிருந்தாலும் உடனே மருத்துவரை அழைக்க வேண்டும். சாக்லேட்டும், சர்க்கரை சேர்க்காத மிட்டாய், சூயிங் கம் ஆகியவற்றில் இருக்கும் சைலிட்டால் என்ற இனிப்பூட்டியும் இதே வரிசையில் வருபவை. வீட்டுக்கு வரும் உறவினர் அன்போடு ஊட்ட வரும்போது தயங்காமல் தடுத்துவிடுங்கள்.

எட்டாம் படி: உணவு மாற்றமும் மலத்தைக் கவனித்தலும்

ஒரு உணவிலிருந்து இன்னொன்றுக்கு மாற ஒரு வாரம் எடுத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு நாள் புதியது கால் பங்கு, அடுத்த இரண்டு நாள் பாதி, பிறகு முக்கால், ஏழாம் நாள் முழுவதும். மலம் உருண்டு, கையால் எடுத்தால் தரையில் ஒட்டாமல் வந்தால் அளவும் உணவும் பொருந்துகின்றன. குட்டி உற்சாகமாக இருந்தும் மலம் மட்டும் தொடர்ந்து இளகினால், பல நேரம் காரணம் மிகை ஊட்டல்தான்; பத்தில் ஒரு பங்கைக் குறைத்துப் பாருங்கள். வயிறு மட்டும் உப்பி முதுகெலும்பு தெரிந்தால் குடற்புழுவை நினைக்க வேண்டும். இரண்டு வார வயதிலிருந்து பன்னிரண்டு வாரம் வரை இரண்டு வாரத்துக்கு ஒரு முறை புழு மருந்து கொடுப்பது வழக்கம். வாந்தியும் ரத்தம் கலந்த பேதியும் வந்தால் உணவை மாற்றிப் பார்க்கும் வேலையே வேண்டாம். அது பார்வோ என்ற கொடிய வைரஸ் நோயாக இருக்கலாம்; அன்றே மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும்.

ஒன்பதாம் படி: மழைக்காலத்தில் உணவைக் காத்தல்

தென்மேற்குப் பருவமழையும் வடகிழக்குப் பருவமழையும் இரண்டுமே பெய்யும் பகுதி இது. ஜூனில் பிடித்த ஈரம் டிசம்பர் வரை சுவரை விட்டுப் போவதில்லை. பெரிய மூட்டை மலிவு என்று வாங்கினால், 70 கிராம் தின்னும் குட்டி அதை முடிப்பதற்குள் பூஞ்சணம் பிடித்துவிடும். பூஞ்சணம் உண்டாக்கும் அஃப்ளாடாக்சின் என்ற நச்சு கல்லீரலைத் தாக்கும். வெயிலில் காயவைத்தாலும் வறுத்தாலும் அது முழுதாகப் போகாது. திறந்தபின் ஒரு மாதத்தில் தீரும் பொட்டலத்தையே வாங்குங்கள். 70 கிராம் கணக்கில் அது 2 கிலோ. உறையோடு சேர்த்தே இறுக மூடும் டப்பாவில் வையுங்கள். சில்லறையாக அளந்து விற்கும் திறந்த சாக்கு உணவை மழைக்காலத்தில் தவிர்ப்பது நல்லது. எறும்புக்கு, தட்டைவிட அகன்ற பாத்திரத்தில் சிறிது நீர் ஊற்றி அதன் நடுவே தட்டை வைத்தால் போதும். குடிநீர் காய்ச்சி ஆறவைத்ததாக, எப்போதும் எட்டும் இடத்தில் இருக்கட்டும்.

பத்தாம் படி: தொட்டுப் பார்த்து அளவைத் திருத்துதல்

வாரந்தோறும் எடை பார்க்கும் அன்றே இரு கைகளையும் குட்டியின் விலாவில் வைத்து மெல்ல வருடுங்கள். அழுத்தாமலேயே எலும்புகள் விரலுக்குத் தட்டுப்பட வேண்டும். ஆனால் கண்ணுக்குத் துருத்தித் தெரியக் கூடாது. மேலிருந்து பார்த்தால் விலாவுக்குப் பின்னே இடுப்புச் சற்று ஒடுங்கியிருக்க வேண்டும். அழுத்தித் தேட வேண்டியிருந்தால் நாளின் அளவில் பத்தில் ஒரு பங்கைக் குறையுங்கள். விலா கூராகத் தட்டுப்பட்டால் அதே அளவு கூட்டுங்கள். கொழுகொழுவென்றிருப்பதே அழகு என்று நம்மவர்கள் சொல்வார்கள். முழங்கால் சில்லு எளிதில் நழுவும் பொமரேனியனுக்கும், நீண்ட முதுகுள்ள டாக்ஸ்ஹண்டுக்கும், மூச்சுக்கே திணறும் பக்குக்கும் அந்த அழகு வாழ்நாள் வேதனையாகிவிடும்.

சிறு இனங்கள் பெரும்பாலும் எட்டு முதல் பன்னிரண்டு மாதத்துக்குள் வளர்ந்து முடிகின்றன. நாட்காட்டியில் எடை தொடர்ந்து ஒரே இடத்தில் நிற்கத் தொடங்கியதும், பத்து முதல் பன்னிரண்டு மாதத்துக்குள், முன்பு சொன்ன ஏழு நாள் முறையில் வளர்ந்த நாய்க்கான உணவுக்கு மாற்றுங்கள். அப்போது ஓய்வுத் தேவையைப் பெருக்க வேண்டிய எண் 1.8; கருத்தடை செய்திருந்தால் 1.6. கருத்தடைக்குப் பின் பசி கூடித் தேவை குறையும் என்பதால், அறுவைச் சிகிச்சையின் தையல் பிரித்த வாரத்திலேயே தராசை எடுத்துப் புதிய அளவைக் கணக்கிட்டுவிட வேண்டும்.